சாமிக்கும் சனத்துக்கும் நடுவே எத்தனை அடி?

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போகிற யாருக்கும் பெருமாள் ஒரே பார்வையில் அகப்படுவதில்லை. அனந்தன்மேல் பள்ளிகொண்ட 18 அடித் திருமேனி மூன்று வாசல்களில் பகுதி பகுதியாகத்தான் தெரியும். முதல் வாசலில் திருமுகம், கீழே தொங்கும் வலக்கை, அந்தக் கைக்கு அடியில் ஒரு சிவலிங்கம். நடு வாசலில் நாபித் தாமரையும் பிரம்மாவும் உற்சவ மூர்த்திகளும். மூன்றாம் வாசலில் திருவடி. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான் கண்ணுக்குக் கிடைக்கும். பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்றையும் சேர்த்து ஓர் உருவமாக்கிக்கொள்வது பார்க்கிறவர் பொறுப்பு.

இந்தத் திருமேனி கல்லில் வடித்ததல்ல. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 12,008 சாளக்கிராமங்களை வைத்து, கடுசர்க்கரை என்ற கலவையைப் பூசி உருவாக்கியது. அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. சாத்திய பூவைக்கூட மயிற்பீலியால்தான் மெல்லத் தள்ளி எடுக்கிறார்கள். எதிரே ஒரே பாறையில் வெட்டிய ஒற்றைக்கல் மண்டபம்: 20 அடிச் சதுரம், இரண்டரை அடி கனம். அதன்மேல் ஏறி நின்று தரிசிக்கலாம், விழுந்து கும்பிடக் கூடாது. அங்கே விழுந்து வணங்கியவர் தமக்குள்ள எல்லாவற்றையும் பெருமாளுக்கே கொடுத்துவிட்டதாக அர்த்தம் என்பது மரபு. திருவிதாங்கூர் மன்னருக்கு மட்டும்தான் அந்த உரிமை.

இப்படி ஒவ்வொரு அடியிலும் ஒரு விலகல் வைத்திருக்கிற கோயிலின் தல வரலாறு நேர் எதிரான கதையைச் சொல்கிறது. குழந்தை வடிவில் வந்து விளையாடிவிட்டு மறைந்த கண்ணனைத் தேடித் திவாகர முனிவர் அனந்தன்காட்டுக்கு வருகிறார். அங்கே ஓர் இலுப்பை மரம் சாய்ந்து விழுந்து, அனந்தசயனமாக உருவெடுக்கிறது. தலை திருவல்லத்தில், வயிறு திருவனந்தபுரத்தில், கால் திருப்பாப்பூரில். இவ்வளவு பெரிய உருவத்தை எப்படி வலம் வருவேன், எப்படிக் கண்ணாரக் காண்பேன் என்று முனிவர் முறையிட, பெருமாள் அவருடைய யோகதண்டத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்குத் தம்மைச் சுருக்கிக்கொண்டார். பக்தன் கேட்டதற்காக அளவைக் குறைத்துக்கொண்ட கடவுள் இவர்.

வைணவ ஆசாரியர்கள் கடவுளின் குணங்களைப் பேசும்போது இரண்டைத் தனியாக எடுத்துச் சொல்வார்கள். ஒன்று பரத்துவம்: எட்டாத மேன்மை. இன்னொன்று சௌலப்பியம்: எளியவனாக இறங்கி வந்து கைக்கு எட்டும் தன்மை. கோயிலில் அர்ச்சா மூர்த்தியாக நிற்பதும் கிடப்பதும் இந்த இரண்டாவது குணத்தின் உச்சம் என்பது அவர்கள் கொள்கை. வைகுண்டத்தில் இருப்பவரை நித்தியசூரிகள் பார்ப்பார்கள், அவதாரத்தை அந்தக் காலத்தவர் பார்த்தார்கள், கோயிலில் இருப்பவரையோ யாரும் எப்போதும் பார்க்கலாம். 108 திவ்விய தேசங்களில் ஒன்றான இந்தத் தலத்தை நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு பதிகம் முழுக்கப் பாடியிருக்கிறார். ஆக, தத்துவத்தில் சிக்கல் எதுவும் இல்லை. சாமி தம் பக்கத்திலிருந்து இறங்கி வந்துவிட்டார். மிச்சமுள்ள தூரத்தை வகுத்தவர்கள் யார், எந்த அதிகாரத்தில் வகுத்தார்கள் என்பதுதான் கேள்வி. திருவனந்தபுரத்தின் இருநூறு ஆண்டு வரலாறு அந்தக் கேள்விக்கு வெவ்வேறு ஆட்கள் சொன்ன பதில்களின் வரலாறாகவும் இருக்கிறது.

தல வரலாற்றின் இன்னொரு வடிவத்தில் முனிவருக்கு முன்பே குழந்தையைப் பார்த்தவள் ஒரு புலையர் பெண். அனந்தன்காட்டை ஒட்டிய வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவள் குழந்தை அழும் சத்தம் கேட்டு ஓடுகிறாள். எடுத்துப் பால் கொடுத்து மரத்தடியில் கிடத்துகிறாள். ஐந்து தலை நாகம் வந்து அந்தக் குழந்தைக்குக் குடை பிடிக்கிறது. அவளும் அவள் புருஷனும் சிரட்டையில் கஞ்சி வைத்துப் படைத்தார்கள். சேதி அரசனுக்கு எட்டியது, கோயில் எழுந்தது. புத்தரிக்கண்டம் என்ற வயலை அந்தக் குடும்பத்துக்கு அரசன் கொடுத்தான் என்றும் சொல்வார்கள். கோட்டைக்கு எதிரே இன்று பொதுக்கூட்டம் நடக்கும் புத்தரிக்கண்டம் மைதானம் அதுதான். சிரட்டை இன்றும் நைவேத்தியத்தில் இருக்கிறது. பொன் வேய்ந்த சிரட்டையில் உப்புமாங்காய் வைத்துப் பெருமாளுக்குப் படைக்கிறார்கள்.

சிரட்டை உள்ளே போனது. அதைக் கொடுத்தவளின் சாதியார் 1936 வரைக்கும் உள்ளே போக முடியவில்லை.

பழைய கேரளத்தில் தீண்டாமையைவிடக் கடுமையாக இருந்தது நெருங்காமை. தொடுவது இருக்கட்டும், இன்ன சாதிக்காரர் இன்ன சாதிக்காரரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கே உண்டு. கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கும் அந்தக் கணக்கு நீண்டது. அரசே கோயிலுக்குள் கரைந்து நின்றதால் கணக்கை மீறுவது ராஜத் துரோகமாகவும் ஆனது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தாம் வென்று சேர்த்த நாட்டைத் திருப்படித் தானமாகப் பத்மநாபருக்கே கொடுத்து, வாளைத் திருப்படியில் வைத்து எடுத்துக்கொண்டார். அன்று முதல் மன்னர்கள் பத்மநாப தாசர்கள். நாட்டுக்கு உடையவர் பெருமாள், ஆள்பவர் அவருடைய ஊழியர். பக்தியாகப் பார்த்தால் மன்னர் தம்மைத் தாழ்த்திக்கொண்ட செயல். அரசியலாகப் பார்த்தால், இனி மன்னரை எதிர்ப்பவர் சாமியையே எதிர்ப்பவர். இரண்டும் உண்மைதான்.

வழிபாட்டு முறையை மாற்ற நினைத்த பெரியவர்களும் இங்கே தோற்றிருக்கிறார்கள். ராமானுஜர் அனந்தபுரம் வந்து பாஞ்சராத்திர ஆகம வழிபாட்டு முறையைக் கொண்டுவர முனைந்தாராம். பூசை செய்துவந்த நம்பூதிரிப் பிராமணர்கள் பெருமாளிடம் முறையிட்டார்களாம். தூங்கிக்கொண்டிருந்த ராமானுஜரைப் பெருமாள் இரவோடு இரவாக மலைக்கு அந்தப்பக்கம் திருக்குறுங்குடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாராம். காலையில் கண் விழித்தவர் வேறு ஊரில் இருந்தார். வைணவக் குருபரம்பரைக் கதைகளில் ஆசாரியரின் முயற்சி பலிக்காத அபூர்வமான இடம் இது.

அந்தத் திருக்குறுங்குடிக்கே இன்னொரு கதை உண்டு. நம்பாடுவான் என்ற பாணர் கோயிலுக்கு வெளியே நின்று பாடுகிறார். அவர் பார்வையைக் கொடிமரம் மறைக்கிறது. பெருமாள் கொடிமரத்தை விலகச் சொல்கிறார். திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியது போலத்தான். இந்தக் கதைகளில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. மறைக்கிற பொருள்தான் விலகுகிறது, பக்தர் நிற்கும் இடம் மாறுவதில்லை. நம்பாடுவான் வெளியேதான் நிற்கிறார். தரிசனம் கிடைக்கிறது, அனுமதி கிடைக்கவில்லை. ஊர் வகுத்த தூரத்தை ஊரே மாற்றிக்கொள்ளட்டும் என்று சாமி விட்டுவிட்டார் போலும்.

தெற்குத் திருவிதாங்கூரில் முதலில் அதை மாற்றத் துணிந்தவர் தமிழ் பேசிய ஒருவர். சாமித்தோப்பு அய்யா வைகுண்டர். 1838இல் சுவாதித் திருநாள் மன்னரின் அரசு அவரைப் பிடித்துவந்து திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தது. அடுத்த ஆண்டு வெளியே வந்தார். கோயிலுக்குள் விடு என்று அவர் மனுப் போடவில்லை. பதி, நிழல் தாங்கல் என்ற வழிபாட்டிடங்களை அமைத்தார். அங்கே பள்ளியறையில் விக்கிரகம் இருக்காது, நிலைக்கண்ணாடி இருக்கும். கும்பிட வருகிறவர் தம் உருவத்தைத்தான் காண்பார். தலையில் துண்டு கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த மக்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்பது விதி. சாமிக்கும் ஆளுக்கும் இடையே எத்தனை அடி என்ற கேள்வியே அங்கே எழவில்லை. கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறோமோ அவ்வளவுதான்.

வைகுண்டர் 1851இல் மறைந்தார். 37 ஆண்டுகள் கழித்து, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றங்கரையை அடுத்த அருவிப்புறத்தில், சிவராத்திரி நள்ளிரவில் நாராயண குரு நெய்யாற்றில் இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்தார். சிற்பி தொடாத கல். அதைப் பாறைமேல் வைத்துச் சிவன் என்றார். ஆண்டு 1888. பிரதிஷ்டை செய்யும் அதிகாரம் பிராமணருக்கு மட்டுமே என்றிருந்த காலம். ஈழவர் வீட்டில் பிறந்தவர் எப்படிச் செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு, தாம் வைத்தது ஈழவச் சிவனை என்று அவர் பதில் சொன்னதாகப் பரவலாக வழங்கிவருகிறது. அந்தப் பதிலைச் சாதிப் பெருமையாக எடுத்துக்கொண்டால் விஷயம் பிடிபடாது. சிவனுக்குச் சாதி கற்பித்தது யார் என்ற எதிர்க்கேள்வி அதற்குள் இருக்கிறது. சாதி பேதமும் மத துவேஷமும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் மாதிரி இடம் இது என்ற பொருளில் அங்கே அவர் எழுதிவைத்த வாசகம் அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறது.

குருவின் பின்னணியில் தமிழுக்கு ஒரு பங்கு உண்டு. அவருக்கும் அவர் காலத்துச் சீர்திருத்தத் துறவி சட்டம்பி சுவாமிகளுக்கும் யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரம் ரெசிடென்சியில் சூப்பரிண்டெண்டாக வேலை பார்த்தவர். எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்ததற்காக ஏச்சு வாங்கியவர். குரு தவமிருந்த மருத்துவாழ் மலைக் குகை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் தமிழில் பதிகங்கள் எழுதியிருக்கிறார், திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளமாக்கியிருக்கிறார். 1916இல் திருவண்ணாமலை சென்று ரமணரைச் சந்தித்தார்.

அவர் செய்த பிரதிஷ்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் யோசனை எந்தத் திசையில் நகர்ந்தது என்று தெரியும். அருவிப்புறத்தில் கல். திருச்சூர்ப் பக்கம் காரமுக்கில் விளக்கு. 1922இல் திருவனந்தபுரம் மாவட்டத்து முருக்கும்புழையில் சத்தியம், தர்மம், தயை முதலான சொற்கள் பொறித்த ஒரு பிரபை. 1927இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் கண்ணாடி. வைகுண்டர் தொடங்கிய இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டார். விக்கிரகம் படிப்படியாகக் கரைந்து கடைசியில் பார்க்கிறவரே மிஞ்சும் இந்த வரிசை அத்வைதிக்குப் பழக்கமான பாதை. ஆனால் சங்கரரின் அத்வைதத்தை வீட்டில் படித்துக்கொண்டு, தெருவில் அடிக்கணக்குப் பார்த்தவர்கள் நடுவே அதை ஒரு கோயிலாகக் கட்டிக் காட்டியதுதான் குருவின் காரியம்.

இதே நாட்களில் தெருவையே எடுத்துக்கொண்டவர் வெங்ஙானூர் அய்யங்காளி. விழிஞ்ஞம் பக்கத்து ஊர். 1893இல் வில்வண்டி ஒன்று வாங்கி, தலைப்பாகையும் மேல்துண்டுமாக, புலையருக்கு விலக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அடிதடி நடந்தது. வண்டி நிற்கவில்லை.

வைக்கம் போராட்டமும் கோயிலுக்குள் போவதற்காக நடந்ததல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகத்தான். 1924இல் அங்கே போன பெரியார் இரண்டாம் முறை கைதானபோது திருவனந்தபுரம் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் உள்ளே இருக்கும்போதே, ஆகஸ்டில், மூலம் திருநாள் மன்னர் காலமானார். போராட்டக்காரர்களை ஒழிக்க வைதிகர்கள் செய்த சத்துரு சங்கார யாகம் திரும்பி வந்து மன்னரையே தாக்கியதாக ஊரில் பேச்சுக் கிளம்பியது. கைதிகள் விடுதலையானார்கள். அடுத்த ஆண்டு பேச்சு நடத்த வந்த காந்தியை இண்டந்துருத்தி மனை நம்பூதிரி வீட்டுக்குள் விடாமல் வெளியே வைத்துத்தான் பேசினார். அந்த மனை இன்று கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம். 1925 முடிவில் நான்கு தெருக்களில் மூன்று திறந்தன.

1936 நவம்பர் 12, சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் பிறந்தநாள். சர் சி.பி. ராமசாமி அய்யர் திவானாக இருந்தார். அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களில் பிறப்பாலோ மதத்தாலோ இந்துவாக உள்ள யாரையும் தடுக்கக் கூடாது என்று பிரகடனம் வந்தது. மன்னருக்கு வயது 24. நல்லெண்ணம் மட்டும் காரணமல்ல. அம்பேத்கர் மதம் மாறப்போவதாக அறிவித்து ஓராண்டு ஆகியிருந்தது. திருவிதாங்கூர் ஈழவர்களிடையே அந்தப் பேச்சு வேகமெடுத்திருந்தது. காரணம் எதுவானாலும் விளைவு பெரிது. 1937 ஜனவரியில் காந்தி வந்து, அதுவரை விலக்கப்பட்டிருந்தவர்களோடு கோயில் கோயிலாகப் போனார். மகாதேவ தேசாய் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத அய்யர் தலைமையில் நுழைவு நடந்தது அதற்கு இரண்டரை ஆண்டுகள் பின்னால், 1939 ஜூலையில்.

கொடிமரம் விலகியதற்கும் பிரகடனத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: இந்த முறை ஆட்கள் நகர்ந்தார்கள்.

கதவு திறந்த பிறகு கேள்வி வேறு வடிவம் எடுத்தது. உள்ளே இருப்பது யாருடையது? இந்தியச் சட்டத்தில் கோயில் தெய்வம் ஒரு சட்ட நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். ஆனால் என்றென்றைக்கும் மைனர். தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்பதால் பாதுகாவலர் வேண்டும். தஞ்சைப் பகுதியின் பத்தூரிலிருந்து கடத்தப்பட்ட நடராஜருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1991இல் அவர் ஊர் திரும்பியதற்கு, அந்தச் சிதைந்த கோயிலையே வழக்காளியாக ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் ஒரு காரணம். உலகளந்தவர் சட்டத்தின் கண்ணில் மைனர் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். சௌலப்பியத்தை இதைவிட நேராக எந்த உரையாசிரியரும் விளக்கியதில்லை.

அந்த மைனருக்கு எவ்வளவு சொத்து என்பது 2011இல் உலகத்துக்குத் தெரிந்தது. ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்து வழக்கறிஞரான டி.பி. சுந்தரராஜன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, நிலவறைகள் திறக்கப்பட்டன. பொன் காசுகள், சங்கிலிகள், கல் பதித்த ஆபரணங்கள் என்று வெளியே வர, ஒரு லட்சம் கோடி ரூபாய் மதிப்பு என்று பத்திரிகைகள் எழுதின. பி அறை மட்டும் திறக்கப்படவில்லை. 2020 ஜூலை 13 அன்று நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்கோத்ரா அமர்வு திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் சேவாயத் உரிமையை, அதாவது தெய்வத்தின் சார்பில் கோயிலை நிர்வகிக்கும் உரிமையை, உறுதிசெய்தது. நிர்வாகத்துக்கு மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, பி அறையைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பும் குழுக்களிடமே. 1949இல் ராஜ்ஜியமும், 1971இல் பட்டமும் மானியமும் போன பிறகும் பத்மநாப தாசர் என்ற வேலை மட்டும் போகவில்லை.

இவ்வளவு காவலும் மர்மமும் சூழ்ந்த அதே பெருமாள் ஆண்டுக்கு இரண்டு தடவை வெளியே வந்து கடலில் குளிக்கிறார். ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்து நாள் திருவிழா முடிவில் ஆறாட்டு. பத்மநாபர், நரசிம்மர், கிருஷ்ணர் மூவரும் சங்குமுகம் கடற்கரைக்குப் புறப்பட, அரச குடும்பத்தின் தலைவர் உடைவாளோடு வெறுங்காலில் கூட நடப்பார். அந்தப் பாதையில் குறுக்கே விமான நிலைய ஓடுதளம் கிடக்கிறது. ஊர்வலம் போய்த் திரும்பும் வரை விமானங்கள் இறங்குவதில்லை, ஏறுவதில்லை. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போய்விடும். நிலையத்தை அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும் இந்த வழக்கத்தில் மாற்றமில்லை.

புரட்டாசியில் பயணம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் குழித்துறையிலும் நெய்யாற்றங்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் வருவார்கள். சரஸ்வதி கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது நம்பிக்கை. 1956 நவம்பரில் மாநில எல்லை நடுவே விழுந்தது. சாமிகள் பழைய வழியிலேயே வருகிறார்கள். களியக்காவிளையில் தமிழகக் காவலர்கள் விடைகொடுக்க, கேரளக் காவலர்கள் அணிவகுத்து ஏற்றுக்கொள்கிறார்கள். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் கச்சேரி. அங்கே பெண்கள் பாடியதில்லை என்ற வழக்கம் 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடியதோடு முடிந்தது. கலைமகள் சன்னிதியில் ஒரு பெண் வாய் திறக்க அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

ஆனால் தூரம் ஒரேயடியாக அழிந்துபோகிற இடம் ஒன்று உண்டென்றால் அது ஆற்றுக்கால். மதுரையை எரித்த கண்ணகி தெற்கே வந்து கொடுங்கல்லூர் போகும் வழியில், கிள்ளியாற்றங்கரையில் ஒரு சிறுமியாக நின்று அக்கரை சேர்த்துவிடச் சொன்னாள் என்பது தலக்கதை. மாசித் திருவிழாவில் தோற்றம்பாட்டாகக் கண்ணகியின் கதையை நாள்தோறும் பாடிவருவார்கள். பாண்டியன் வதம் பாடி முடிந்ததும், பூரம் நாளில், கருவறை விளக்கிலிருந்து எடுத்த தீயால் கோயிலின் பண்டார அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். குலவைச் சத்தம் எழும். அந்தத் தீ அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி, தெருத் தெருவாகப் பல கிலோமீட்டர் போகிறது. தம்பானூர் ரயில் நிலைய வாசல், தலைமைச் செயலகத்துக்கு முன், சந்து முனை, வீட்டு முற்றம் எங்கும் மூன்று செங்கல், ஒரு புது மண்பானை, எரிய ஓலை. அரிசியும் வெல்லமும் தேங்காயும் கொதித்துப் பொங்கும். பக்கத்தில் இருப்பவள் யார், என்ன சாதி என்று கேட்க நேரமில்லை. புகையில் முகமே சரியாகத் தெரியாது. நாகர்கோவில் பக்கமிருந்து முந்தின நாளே வந்து இடம்பிடிப்பவர்களும் உண்டு. கின்னஸ் புத்தகம் 1997இல் 15 லட்சம் பெண்கள் என்றும், 2009இல் 25 லட்சம் என்றும் பதிவு செய்தது.

மதியம் கடந்து பூசாரிகள் தெருவில் நடந்துவந்து தீர்த்தம் தெளிப்பார்கள். அதோடு நைவேத்தியம் முடிந்தது. பொங்கலிட வந்த பெரும்பாலோர் அன்று கருவறைப் பக்கமே போவதில்லை, போக நினைத்தாலும் கூட்டம் விடாது. போகவில்லையே என்ற குறையும் யாருக்கும் இல்லை. சமைத்த இடமே சன்னிதி. கொரோனாவால் 2021லும் 2022லும் வீட்டிலேயே பொங்கலிடச் சொன்னபோது அதுவும் செல்லுபடியானது. மறுநாள் மாநகராட்சி ஆட்கள் செங்கற்களைப் பொறுக்கி ஏழைகளின் வீடு கட்டக் கொடுக்கிறார்கள். புலையர் பெண்ணின் சிரட்டைக் கஞ்சியை நினைவில் வைத்துப் பார்த்தால் இதில் புதுமை ஒன்றுமில்லை. சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள்தானே அவளும்.

எல்லாத் தூரமும் ஆதிக்கத்தின் தூரம்தான் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு மூலையில் 1,868 மீட்டர் உயர அகஸ்தியர்கூடம் நிற்கிறது. தமிழுக்கு இலக்கணம் தந்தவராகப் போற்றப்படும் அகத்தியரின் பொதிகைத் தொடர் அது. உச்சியில் அவர் சிலை. பெண்கள் ஏறக் கூடாது என்ற தடையை 2018இல் கேரள உயர் நீதிமன்றம் நீக்கியது, அடுத்த ஜனவரியில் தன்யா சனல் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரி ஏறினார். எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது? மலையடிவாரத்துக் காணிப் பழங்குடியினரிடமிருந்து. அகத்தியர் தங்கள் குலமுனி, அவரைத் தள்ளி நின்றுதான் கும்பிட வேண்டும் என்றார்கள். யாரையும் தடுக்கவில்லை, பாட்டுப் பாடித் தங்கள் வருத்தத்தைச் சொன்னார்கள். சமத்துவம் ஒரு பக்கம், நிலத்துக்கு உரியவர்களின் வழக்கம் மறுபக்கம். அருவிப்புறத்து அளவுகோலை இங்கே அப்படியே நீட்டினால் யார் பக்கம் சாயும் என்று சொல்வது கடினம்.

பத்மநாப சுவாமி கோயிலில் இப்போதைய தகராறு உடையைப் பற்றியது. ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடு போக வேண்டும். பெண்கள் சேலையோ, சுரிதாரின்மேல் சுற்றிய வேட்டியோ. 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி சுரிதாரை அப்படியே அனுமதித்தார். சில நாட்களிலேயே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிற மதத்தில் பிறந்தவர், இந்து நம்பிக்கை உள்ளவர் என்று எழுதிக் கொடுத்தால் உள்ளே போகலாம். 2017இல் பாடகர் யேசுதாஸுக்கு அப்படித்தான் அனுமதி கிடைத்தது. 1936 பிரகடனத்தின் "மதத்தாலோ" என்ற சொல்லுக்கு இன்றைக்கு ஒரு காகிதம் சாட்சியாகிறது.

2024 டிசம்பர் 31 அன்று வர்க்கலை சிவகிரியில் நடந்த தீர்த்தயாத்திரை மாநாட்டில், நாராயண குருவின் வழிவந்த சச்சிதானந்த சுவாமி, கோயிலில் சட்டையைக் கழற்றச் சொல்லும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்றார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்கவே அது வந்தது என்பது அவர் வாதம். மேடையிலிருந்த முதல்வர் பினராயி விஜயன் ஆதரித்தார். நாயர் சர்வீஸ் சொசைட்டி, வழக்கத்தில் கைவைக்க அரசு யார் என்று எதிர்த்தது. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. 1859 வரை நாடார் பெண்கள் மேலாடைக்காக அடிபட்டார்கள். இங்கே துணி என்றால் அந்தஸ்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாதத்துக்கு இடைஞ்சலாக ஓர் உதாரணம் இருக்கிறது: சாமித்தோப்புப் பதிக்குள்ளும் ஆண்கள் சட்டையில்லாமல்தான் போகிறார்கள். தலையில் மட்டும் தலைப்பாகை. மேலுடம்பைத் திறப்பது ஓரிடத்தில் சாதியைச் சோதிக்க வந்ததாகக் குற்றம்சாட்டப்படுகிறது, இன்னோரிடத்தில் எல்லோரும் சமம் என்பதற்கு அடையாளமாக இருக்கிறது. அந்த விதியைப் பதியில் வகுத்தவர்கள் அதற்குள் நடக்கிறவர்களே. பத்மநாப சுவாமி கோயிலில் அதை மாற்றுவதானால் தந்திரி, நிர்வாகக் குழு, நீதிமன்றம், அரசு என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டலாம். குரு வழியில் வந்த கோயில்களில் பலவற்றில் சட்டையோடு போவதற்குத் தடையில்லை. அங்கே யாரும் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.